அழித்தழித்து வரைந்த முகம்

ஆடி பிறந்ததிலிருந்து தாட்சாயிணியை ஒரு பயம் பிடித்து ஆட்டியது. பெற்ற மகளின் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது.

இதைப் போய் யாரிடம் சொல்வாள்? அன்னம்மாள் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. எட்டு வயதுப் பெண். போன ஆடியில் வாந்திபேதி கண்டு, பூந்தமல்லிக்கு வண்டி பூட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய முழங்கைத் தழும்பு தாயின் நினைவில் இருந்தது. தலையில் தடவிய வேப்பெண்ணெயின் வாடை இருந்தது. வலது காலைச் சற்று உட்புறமாக வைத்து நடக்கும் நடை இருந்தது. முகம் மட்டும் கூடிவர மறுத்தது. கண்ணை மூடினால் சிவப்புப் பாவாடை வரும், ஜடை வரும். திரும்பும்மா என்றால் அந்தப் பெண் திரும்புவதில்லை.

பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு போட்டோவும் இல்லை. திருவேற்காட்டுத் திருவிழாவில் கூடாரம் போட்டிருந்த போட்டோக்காரன் முன்னால் அன்னம் அடம்பிடித்து நின்றாள். "கொயந்தய படம் புடிச்சா ஆயுசு கொறையும்" என்று அவள் அப்பன் பரந்தாமன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அந்த வட்டாரத்தில் எல்லாரும் நம்பியதைத்தான் அவனும் நம்பினான். படம் பிடிக்காமலே ஆயுசு குறைந்துபோயிற்று. அதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் என்ன ஆகியிருப்பானோ தெரியாது.

பரந்தாமன் கெட்டவன் இல்லை. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நன்செய், கரையோரம் ஒரு தோட்டம், மாடு கன்று என்று ஒழுங்காகப் பிழைக்கிறவன். ஆனால் மகள் போன நாளிலிருந்து அவள் பெயரை அவன் வாயால் சொல்லவில்லை. தாட்சாயிணி சொன்னாலும் தாங்கமாட்டான். "பேரச் சொல்லிக் கூப்ட்டுகினே இருந்தா அவ எப்பிடி போவா? அலைவா" என்று எழுந்து வெளியே போய்விடுவான். ஒரு கூரையின் கீழ் இரண்டு பேர், நடுவில் சொல்லக்கூடாத ஒரு பெயர். இப்படியே ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கன்னியாகச் செத்த பெண் வீட்டுத் தெய்வமாகத் திரும்பி வருவாள். பூவாடைக்காரி என்பார்கள். வருஷம் திரும்பியதும் ஆடி வெள்ளியில் பம்பை அடிப்பவனோடு குளக்கரைக்குப் போய், குடத்துத் தண்ணீரில் அவளை அழைத்து வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். மிதக்கவிட்ட குடம் தானாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். சுவரில் சதுரமாக மஞ்சள் பூசி, அதன்மேல் குங்குமப் பொட்டு வைப்பார்கள். அந்த மஞ்சள் சதுரம்தான் அவள். சிலை கிடையாது, படம் கிடையாது. புதுத் துணியும் வளையலும் கதம்பமும் முறத்தில் வைத்து அதற்குப் படைப்பார்கள். அன்றைக்குப் பிறகு அவளை ஆத்தா என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை.

தாட்சாயிணி வாழ வந்த வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு மஞ்சள் சதுரம் இருந்தது. மாமனாரின் தங்கையாம். புதிதில் ஒரு நாள், "அவங்க பேரு இன்னா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கறுப்பா சிவப்பா, என்ன சாடை, ஒன்றும் தெரியவில்லை. அப்போது அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்து, பம்பைக்குச் செங்கல்வராயனிடம் சொல்லியும் ஆயிற்று. பக்கத்தில் இன்னொரு சதுரத்துக்கு இடம் விட்டுச் சுவர் காத்திருந்தது. கும்பிடுவதில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் போனால் அவளும் பெயரில்லாத இன்னொரு சதுரமாகிவிடுவாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒலாந்து துரையின் ஞாபகம் வந்தது.

ஹாலந்து தேசத்து வெள்ளைக்காரர். அவருடைய பெயர் யோஹன் தெ வீர்த். ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. தோட்டத்து வீட்டை அவருக்கு வாடகைக்கு விட்ட பரந்தாமனே ஒலாந்து துரை என்றுதான் சொல்வான். துரையின் பூர்வோத்தரமெல்லாம் அவருடைய சமையல்காரன் துலுக்கானத்தின் மூலமாக ஊருக்கு வந்தது. துரை சொன்னது பாதி, அவன் சேர்த்தது பாதி என்று வைத்துக்கொண்டாலும் விஷயம் இதுதான்.

துரை பிறந்த ஊரில் தண்ணீர் மேலே, நிலம் கீழே. கரை கட்டிக் கடலை நிறுத்தி வைத்துவிட்டு அதன் அடியில் உழுவார்களாம். அப்பா வேதக்கோயில் போதகர். அந்தக் கோயிலின் உட்சுவரெல்லாம் வெறும் வெள்ளை. ஒரு காலத்தில் அதில் சாமி படங்கள் நிறைய இருந்தனவாம். முகத்தைக் கும்பிடுவது பாவம் என்று ஊர்க்காரர்களே சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களாம். அப்பா பிரசங்கம் பண்ணும்போது பையன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு, அடியில் எந்த முகம் எங்கே இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பான்.

பெரியவனானதும் அப்பா பேச்சைக் கேட்காமல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் முகம் எழுதப் படித்தார். தானிய வியாபாரிகள், கப்பல் முதலாளிகள், அவர்களுடைய பெண்டாட்டிமார் என்று எழுதித் தள்ளினார். பிறகு பாரிஸ். அங்கே ஒரு கூட்டம் மேஜையையும் கூஜாவையும் பிடிலையும் துண்டு துண்டாக உடைத்துப் படம் எழுதிக்கொண்டிருந்தது. அது துரையைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பினால் அங்கே வேறொரு கூட்டம். கண்ணுக்குத் தெரிகிற உருவமெல்லாம் மேல்தோல், நிலையானது நேர்கோடு ஒன்றுதான் என்று அவர்கள் வாதாடினார்கள். நின்ற கோடும் படுத்த கோடும் போதும், சிவப்பு மஞ்சள் நீலம் என்று மூன்று நிறம் போதும் என்றார்கள். மாலையில் கூடி உட்கார்ந்து பிரம்மஞான சபைப் புத்தகங்களைப் படித்தார்கள். அந்தப் புத்தகங்கள்தான் துரையை ஒரு நாள் கப்பலேற்றி அடையாறு வரைக்கும் கொண்டுவந்து விட்டன.

அடையாற்றில் பேச்சு அதிகம், வேலை குறைவு என்று அவருக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நாள் அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கிக் கால்போன போக்கில் நடந்தவர் இந்த ஏரிக்கரைமேல் ஏறினார். ஒரு பக்கம் தளும்பத் தளும்பத் தண்ணீர், மறுபக்கம் கீழே பயிர். அப்படியே உட்கார்ந்து சிரித்தாராம். மறுமாதமே தோட்டத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்.

முதல் வருஷம் ஊருக்கு அவர்மேல் பெரிய சந்தேகம். துணியில் அவர் போட்ட கறுப்புக் கோடுகளும் கட்டங்களும் எல்லார் கண்ணுக்கும் நிலப்படமாகவே தெரிந்தன. சர்க்கார் ஆள் வைத்து ரகசியமாக அளக்கிறது, தீர்வையை ஏற்றப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். பரந்தாமன் நேராகவே போய், காய்ந்துகொண்டிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தான். மூலையிலிருந்த நீலக் கட்டத்தில் விரலை வைத்தான்.

"இது ஏரின்னா என் வரப்பு இன்னும் தெக்கால வரணும் துரை. தப்பா போட்டுகினு கீறீங்க" என்றான்.

துரை சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் அந்தக் கோட்டை ஒரு விரற்கடை தெற்கே நகர்த்தினார். இத்தனை நாளாக அந்தப் படத்தில் என்ன குறை என்று தெரியாமல் இருந்தேன், இப்போது சரியாகிவிட்டது என்று துலுக்கானத்திடம் சொன்னாராம். துலுக்கானம் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் அன்னம் தினமும் ஓடுவாள். துரை வர்ணத்தைப் பிதுக்கித் தீர்த்த ஈயக் குப்பிகளைப் பொறுக்கி வந்து வரிசையாக அடுக்கி வைப்பாள். தினமும் அவளைப் பார்த்தவர், அதிலும் படம் எழுதுகிறவர். அவருக்கு ஞாபகம் இல்லாமலா போகும்? இந்த நம்பிக்கையில்தான் தாட்சாயிணி ஒரு மத்தியானம், பரந்தாமன் வைக்கோல் வாங்க வானகரம் போயிருந்த நேரத்தில், தோட்டத்துக்கு நடந்தாள்.

துரை தாழ்வாரத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஜெர்மனிக்காரன் அவருடைய நாட்டைப் பிடித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கிருந்து தபால் நின்றுபோய், அவருடைய தாடியும் கவனிப்பாரில்லாமல் வளர்ந்திருந்தது.

"இன்னாம்மா, இந்த வெயில்ல வந்துகினு கீறீங்க?" என்று துலுக்கானம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

அவள் படியோரம் நின்றபடி, "துரை, என் பொண்ணு மொகத்த எனக்கு எய்திக் குடுங்க" என்றாள்.

துரைக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவன் துலுக்கானம். ஆகையால் அவர் பேசியதும் அவன் பேச்சுத்தான். "அம்மா, மொகம் எய்தறத நான் உட்டு ரொம்ப வருசம் ஆச்சு" என்றார்.

"ஏன் துரை?"

அவர் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்போல் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"என் சம்சாரம். மார்ச்சேன்னு பேரு. போன சண்ட முடிஞ்ச வருசம் ஊரெல்லாம் வெஷ ஜொரம். அவளும் படுத்துகினா. நான் பக்கத்துல குந்திகினு அவளையே எய்தினேன். எய்திகினே இருந்தா போவ மாட்டான்னு நெனச்சேன். பூட்டா. படம் மட்டும் ரொம்ப நல்லா வந்துச்சு. எல்லாரும் அவளே உசுரோட கீற மாதிரி கீதுன்னாங்க. அப்பறம் ஒரு நாளு கண்ண மூடி அவள நெனைக்கிறேன், அவ வரல. படம்தான் வருது. நான் போட்ட கோடு வருது. அந்தப் படம் அவ மொகத்த துண்ணுடுச்சும்மா. அன்னிலேந்து மொகம் வோணாம்னு உட்டுட்டேன்."

அவள் பக்கம் திரும்பி, "ஒங்க மனசுல ஒங்க பொண்ணு கீறா. நான் எய்தினா அவ பூடுவா" என்றார்.

"மனசுல இல்ல துரை" என்றாள் தாட்சாயிணி. "அத்த சொல்லத்தான் வந்தேன்."

யாரிடமும் சொல்லாததை வாய்விட்டுச் சொல்லியாயிற்று. துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டாவது வெள்ளியும் கடந்தது. அதற்கு மறுநாள் துலுக்கானம் வேலியோரம் வந்து, துரை கூப்பிடுகிறார் என்றான். எழுதிவிட்டாரா என்று கேட்டாள். துணி போட்டு மூடி வைத்திருக்கிறார், தனக்குக்கூடக் காட்டவில்லை என்றான். தாட்சாயிணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்பில் இருந்த சோற்றைப் பாதி வேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். போகிற வழியெல்லாம், பார்த்ததும் அழக்கூடாது, அழுதால் கண் மறைத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

துரை துணியை விலக்கினார்.

மஞ்சள். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் மஞ்சள். நடுவே சிவப்பாகச் சில பொட்டுகள், கீழே ஒரு சிவப்புக் கோடு.

துரையின் முகத்தில் வெகுநாளாகக் காணாத வெளிச்சம். பூவாடைக்காரியைப் பற்றித் துலுக்கானத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றார். முகமில்லாத படம் ஒன்று வேண்டும் என்று அவரும் சிநேகிதர்களும் அந்த ஊரில் இருபது வருஷம் சண்டை போட்டார்களாம். இங்கே எந்தச் சண்டையும் இல்லாமல் எல்லா வீட்டிலும் அது சுவரில் இருக்கிறதாம். சொல்லச் சொல்ல அவருக்குத் தமிழ் போதவில்லை. தன் பாஷையிலேயே ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனமறிந்து ஏமாற்றவில்லை. தன்னிடம் இருந்ததில் உசத்தியானதைத்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்.

தாட்சாயிணி படத்தைப் பார்த்தபடியே நின்றாள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"இத்த நானே போடுவனே துரை. மஞ்சளும் குங்குமமும் என் ஊட்டுல கீது. வர்ற வெள்ளிக்கெயம சொவுத்துல நான் போடப்போறதே இதான். இது ஆத்தா. நான் கேட்டது என் பொண்ண. எம்பொண்ணுக்கு மூக்கு இருந்திச்சு, வாயி இருந்திச்சு, முன்னாடி ஒரு பல்லு உயுந்து கீதுன்னு அத்த காட்டிக் காட்டி சிரிப்பா. அந்தப் பல்லு எங்க இதுல?"

துரை படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தெனமும் ஒங்க கண்ணு முன்னால வந்து நின்னாளே. அவ மொகம் ஒங்களுக்கு நெனப்பு கீதா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

"இல்லம்மா" என்றார் துரை. "செவப்புப் பாவாட நெனப்பு கீது. கரமேல ஓடி வரும்போது பின்னால பச்ச, அதுல ஒரு துண்டு செவப்பு. அது கீது. மொகத்த நான் பாக்கல. யாரு மொகத்தயும் பாக்கறதில்ல. பாக்காம இருக்க பயகிகினேன்."

கேட்டுக்கொண்டிருந்த துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டான். தாட்சாயிணி கீழே இறங்கி இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்றாள். போனால் வேறு எங்கே போவது? இந்த வட்டாரத்தில் முகம் எழுதத் தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான், வேண்டாமென்று விட்டவராக இருந்தாலும்.

"நான் சொல்றேன். நீங்க எய்துங்க."

"நெனப்பு இல்லேன்னு சொன்னீங்களே."

"சொல்லிப் பாக்கறேன்."

துரை தலையாட்டினார். அந்த மஞ்சள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்போனவரைத் துலுக்கானம் தடுத்தான். "துரை, அத்த எனக்குக் குடுங்க. எங்க தங்கச்சியும் கன்னியாத்தான் செத்தா. எங்க ஊட்டு மண்ணு சொவுரு ஒரு மயக்கி நிக்கமாட்டேங்குது, வருசாவருசம் ஆத்தா கரைஞ்சி பூடறா. இது கரையாதுல்ல?" என்றான். துரை அவனை நிமிர்ந்து பார்த்தார். படத்தை அவன் கையில் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில், பரந்தாமன் வயலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தாட்சாயிணி தோட்டத்துக்குப் போனாள். ஏரிக்கரைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். பொய்யுமில்லை. துரை தாழ்வாரத்தில் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு கரித்துண்டால் எழுதுவார். தப்பானதை அழிக்க ரொட்டி. பூந்தமல்லி ரொட்டிக்கடையிலிருந்து வரும் ரொட்டியின் உட்சதையைப் பிய்த்து உருட்டித் தேய்த்தால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவள் வந்த முதல் நாளே முழு ரொட்டி ஒன்று கறுத்து உருண்டையாகக் கிடந்தது. தின்கிற பண்டத்தை இப்படிப் பாழ் பண்ணுகிறாரே என்று துலுக்கானம் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆரம்பத்தில் அவளுக்குச் சொல்ல வரவில்லை. மூக்கு எப்படி என்று கேட்டால் மூக்கு மாதிரி என்றாள். துரை ஒரு மூக்குப் போட்டுக் காட்டினார்.

"இல்ல" என்றாள்.

அழித்துவிட்டு இன்னொன்று போட்டார்.

"இல்ல. இவ்ளோ கூரா இருக்காது."

இன்னொன்று.

"இல்ல. கீய பரந்தாப்புல, கோவம் வந்தா இன்னும் பரந்துக்கும்."

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். கோபம் வந்தால் பரந்துகொள்ளும் என்பது ஒரு நிமிஷத்துக்கு முன் அவளுக்குத் தெரியாது. துரை கரித்துண்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "மறந்துபோனவங்களுக்கு இல்லன்னு சொல்லத் தெரியாதும்மா" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. முகம் போய்விடவில்லை. எங்கேயோ உள்ளே, அவள் கைக்கு எட்டாத இடத்தில், இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இப்படித்தானா என்றால் அது பதில் சொல்லாது. தப்பாக ஒன்றைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும்.

துரையும் கேட்கத் தெரிந்துகொண்டார். நெற்றி எப்படி, கன்னம் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டார். பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பாள், தூங்கும்போது வாய் திறந்திருக்குமா, வெயிலில் எந்தக் கண் முதலில் சுருங்கும் என்று கேட்டார். அவள் சொன்னாள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, ஒரு நாள் துலுக்கானம் கொண்டுவந்து வைத்த சொம்புத் தண்ணீரை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்துவிட்டாள். அவன் கைபட்ட தண்ணீரை அதற்கு முன் அவள் குடித்ததில்லை. குடித்து முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் அது உறைத்தது.

வீட்டில் பரந்தாமன் படையலுக்கு வேண்டியதை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். பூந்தமல்லியிலிருந்து புதுப் பாவாடை வந்தது, அதுவும் சிவப்பு. அதைக் கொடியில் போடாமல், பெட்டியிலும் வைக்காமல், கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் புடைவையைப் பார்த்தான். மடியில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை விரலால் தட்டிவிட்டான். என்ன இது என்று கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் வெள்ளி.

அன்று தாளில் எல்லாம் இருந்தது. நெற்றி சரி, மூக்கு சரி, விழுந்த பல்லின் சந்து சரி. ஆனால் அது அன்னம் இல்லை. "யாரோ பக்கத்து ஊட்டுப் பொண்ணாட்டம் கீது துரை" என்றாள். எது தப்பு என்று கேட்டார். தெரியவில்லை. கண்ணை மாற்றினார், இல்லை. தாடையை மாற்றினார், அதுவும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்த அந்தக் குரலும் ஓய்ந்துபோன மாதிரி இருந்தது. இவ்வளவு தூரம் வந்து இந்த முகத்தோடு விட்டால், இனி நினைவில் இந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் வருவாள், மகள் வரவே மாட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. துரை பயந்தது இதற்குத்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் துலுக்கானம் சட்டென்று ஒதுங்கி நின்றான். படியில் பரந்தாமன் நின்றுகொண்டிருந்தான்.

தாட்சாயிணிக்குப் படத்தை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. அவன் வேகமாக வந்தான். துரையின் மடியிலிருந்த பலகையைப் பார்த்தான். முகம் கறுத்தது, உதடு துடித்தது. கிழித்துப் போட்டுவிடுவான் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். துரை பலகையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். கிழிப்பதானால் கிழிக்கட்டும் என்று விட்ட மாதிரி இருந்தது.

பரந்தாமன் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். கை நீண்டது. ஒரு விரலைத் தாளின்மேல் வைத்தான்.

"இல்ல" என்றான்.

செருமிக்கொண்டு சொன்னான்.

"காது இப்பிடி இல்ல. எடது காது மேல மடிஞ்சிகினு வெளிய நிக்கும். தோள்ல போட்டுகினு நடக்கும்போது என் கன்னத்துல இடிச்சிகினே வரும். திருவேற்காட்டுலேந்து ஊடு வரைக்கும் இடிச்சுது. தப்பா போட்டுகினு கீறீங்க துரை."

துரை ரொட்டியை எடுத்தார். காதை அழித்தார். மேலே மடித்து, சற்று வெளியே தள்ளி, ஒரே இழுப்பில் போட்டார்.

அன்னம் திரும்பிப் பார்த்தாள்.

தாட்சாயிணி அழுதாள். அழுதால் கண் மறைக்கும் என்பதெல்லாம் ஞாபகம் வரவில்லை. பரந்தாமன் அப்படியே படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வருஷமாக அவன் எங்கே எழுந்து எழுந்து போனான், அங்கே என்ன செய்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் மறக்கப் போகவில்லை. கன்னத்தில் இடித்த காதைத் தனியாகச் சுமந்துகொண்டு போயிருக்கிறான்.

கொஞ்சம் தெளிந்த பிறகு துரை கேட்டார், "வேற ஏதாவது மாத்தணுமா அம்மா?"

அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். "கீய் ஒதடு கொஞ்சம் தப்பு. இவ்ளோ மெல்லிசா இருக்காது."

துரை ரொட்டியைத் தொட்டார். அவள் அவர் கையை மறித்தாள்.

"வோணாம் துரை. அது அப்பிடியே இருக்கட்டும். பாக்கும்போதெல்லாம் இல்லன்னு சொல்லிக்குவேன்."

துரை ரொட்டியைக் கீழே வைத்தார். ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் சொல்லாத மாதிரி சொன்னார்.

"மார்ச்சே படத்துல நான் ஒரு தப்பு கூட உடல."

துலுக்கானம் விளக்கேற்றி வந்து அவர் பக்கத்தில் வைத்தான். தாளைச் சுருட்டித் தாட்சாயிணி மடியில் வைத்துக்கொள்ள, புருஷனும் பெண்சாதியும் கரையோரமாகவே வீட்டுக்கு நடந்தார்கள். வழியில், "பல்லு உயுந்த அன்னிக்கு அத்த கூர மேல போடறேன்னு ஏணி கேட்டா" என்றான் அவன். "குடுத்தியா?" என்றாள் அவள். "தூக்கிப் புடிச்சேன்" என்றான்.

மறுநாள் குளக்கரையில் செங்கல்வராயனின் பம்பை முழங்கியது. உறவெல்லாம் கூடி நின்றது. மஞ்சள் பூசிய குடம் தண்ணீரில் நின்று ஆடியது. கரைமேல் ஒலாந்து துரையும் அவருக்குப் பின்னால் துலுக்கானமும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வாடி ஆத்தா, பூவோட வாடி ஆத்தா" என்று செங்கல்வராயன் அழைத்தான். குடம் அசைந்ததே தவிரச் சாயவில்லை. இன்னும் உரக்க அழைத்தான். அப்போதும் சாயவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

பரந்தாமன் வேட்டி நனைய இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். வழக்கமில்லாததைச் செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். ஊர் பார்க்கிறது என்றும் தெரியும்.

"அன்னம்" என்றான். "அன்னம்மா, ஊட்டுக்கு வாடா. அப்பா தூக்கிகினு போறேன்."

பம்பை நின்றுபோயிற்று. குடம் மெல்லச் சாய்ந்து தண்ணீரை மொண்டுகொண்டது. அவன் அதை எடுத்து, இடது தோளில் வைத்துக்கொண்டு, கன்னத்தைச் சாய்த்தபடி கரையேறினான்.